கீரைக்குச் சிறிது அரிசி

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தொடர்வண்டி கடக்கும்போது எங்கள் ஊரார் சன்னல் பக்கமாக ஒருமுறை திரும்பிப் பார்ப்பது வழக்கம். மலை இருபுறமும் விலகி வழிவிடும் அந்த இடத்தோடு நாஞ்சில் நாடு முடிகிறது. அதற்கப்பால் காற்று மாறும். மண்ணின் நிறம் மாறும். இலையில் விழும் சோற்றின் நிறமும் மாறும். 2014ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் மாலை, கன்னியாகுமரி விரைவு வண்டியில் அக்கணவாயைக் கடந்தபோது என் அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கண்களை மூடி, வயிற்றின்மேல் கையை வைத்தபடி படுத்திருந்தார்.

இரைப்பையில் அறுவை மருத்துவம் செய்யவேண்டும் என்றார்கள். அறுபத்தைந்து கிலோமீட்டரில் திருவனந்தபுரம் இருக்கும்போது எழுநூறு கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்கு ஏன் என்று உறவினர் கேட்டனர். பரிசோதித்த மருத்துவர் சென்னைக்கே கடிதம் கொடுத்தார். கடிதம் போகச் சொன்ன இடத்துக்கு நாங்கள் போனோம். சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே நிற்கும் அரசு பொது மருத்துவமனை, 1664இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் சிறு அளவில் தொடங்கியது. மூன்றரை நூற்றாண்டுகளாக எத்தனையோ ஊர்களின் நோயைச் சுமந்து வந்திருக்கும் அந்த வாயிலில் நாங்களும் நின்றோம். மருத்துவத்துக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. உடன் வந்தவன் தங்குவதற்கும் உண்பதற்கும்தான் பணம். கையில் பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்தது. எத்தனை நாள் ஆகும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

யானைக்கவுனியில் ஒரு விடுதியில் கட்டில் ஒன்று கிடைத்தது. கட்டில் மட்டுமே, அறையை இன்னும் மூவரோடு பகிர்ந்துகொள்ளவேண்டும். நோயாளியுடன் இருக்க ஒருவருக்கு அனுமதி உண்டு என்றாலும், காலையில் மருத்துவர்கள் வரும் வேளையில் வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த நேரங்களில்தான் நான் சென்னையைப் பார்த்தேன். சரியாகச் சொன்னால், சென்னையில் மனிதர்கள் எங்கே உண்கிறார்கள் என்பதைப் பார்த்தேன்.

மருத்துவமனை வளாகத்திலேயே அம்மா உணவகம் இருந்தது. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கிய திட்டம் அது. இட்லி ஒரு ரூபாய். சாம்பார்ச் சோறு ஐந்து ரூபாய். தயிர்ச்சோறு மூன்று ரூபாய். நின்றபடியே உண்ணவேண்டும். எனக்கு முன்னே வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் என்னைப்போலவே கையில் மருந்துச்சீட்டு வைத்திருந்தார்கள். மற்றவர்கள் சுமை தூக்குவோரும் துப்புரவுப் பணியாளரும். பத்து ரூபாயில் வயிறு நிறைந்தது. இந்தக் கட்டுரையில் சுவையைப் பற்றி எத்தனையோ சொல்லப் போகிறேன். ஆனால் முதல் மூன்று நாள்களும் என்னை நிமிர்ந்து நிற்கவைத்தது அந்தத் தட்டுதான் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஏழைக்கு நாக்கு எதற்கு என்று கேட்பாரும் உண்டு. அவர்கள் பசித்திருந்ததில்லை என்று எண்ணுகிறேன். பசித்தவன் சுவை அறிவதைப்போல வயிறு நிறைந்தவன் அறிவதில்லை.

நான்காம் நாள் முதல் நடந்து திரிந்தேன். யானைக்கவுனிக்குப் பக்கமே சௌகார்பேட்டை. இராசத்தானிலிருந்தும் குசராத்திலிருந்தும் வந்து குடியேறிய வணிகர்களின் பகுதி. தங்கசாலைத் தெருவில் காலையிலேயே கச்சோரியும் ஜிலேபியும் எண்ணெயில் மிதக்கத் தொடங்கிவிடும். மாலையில் அகன்ற சட்டிகளில் பால் சுண்டும். விடுதி மேலாளரிடம் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டேன். விளக்கு வரிசை தொங்கிய ஒரு கடையைக் காட்டினார். அங்கே விலையும் மிகுதி. வெளியூர்க்காரர் கூட்டமும் மிகுதி. மறுநாள் அவரிடம் கேட்பதை விட்டுவிட்டுத் தெருவில் கைவண்டி இழுப்பவர்கள் எங்கே வண்டியை ஓரங்கட்டுகிறார்கள் என்று பார்த்தேன். அவர்கள் ஒரு சந்துக்குள் புகுந்து, பெயர்ப்பலகையில்லாத திண்ணை ஒன்றில் கோதுமை ரொட்டியும் பருப்பும் உண்டு வந்தார்கள். விளக்குக் கடையில் நான் கொடுத்ததில் கால் பங்குதான் அங்கே. பருப்பில் நெய் மணத்தது.

பெரிய நகரத்தில் உண்ணுமிடம் தேடுவோருக்கு அன்று கற்றதையே சொல்வேன். மூன்று உணவுகளின் பெயரை மட்டும் கரும்பலகையில் எழுதிவைத்து, இரண்டு மணிக்குள் எல்லாம் தீர்ந்துபோகும் கடை நல்ல கடை. முப்பது பக்க விலைப்பட்டியல் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாம் விலை கொடுக்கவேண்டியிருக்கும். உடலுழைப்பவர் அன்றாடம் வந்து உண்ணும் கடையில் ஏமாற்று நடக்காது. மறுநாளும் அவர் முகத்தில் விழிக்கவேண்டுமே!

ஒருநாள் பாரிமுனையைத் தாண்டிப் பர்மா பசாரின் எதிர்ப்புறம்வரை போய்விட்டேன். மாலை வெயில் தணிந்ததும் அங்கே தள்ளுவண்டிகள் வரிசையாக வந்து நின்றன. வேகவைத்த மஞ்சள் நிறக் கோதுமை இழைகளை ஒருவர் கையாலேயே அள்ளிப் போட்டு, அரிந்த முட்டைக்கோசு, வெங்காயம், பொரித்த பூண்டு, புளிநீர் எல்லாம் சேர்த்துப் பிசைந்தார். அதன் பெயர் ‘அத்தோ’. பக்கத்தில் வாழைத்தண்டு இட்டுக் கொதிக்கும் சாறு. பர்மாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள், 1962இல் அங்கே இராணுவ ஆட்சி வந்து, பின்னர்க் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, ஆயிரக்கணக்கில் கப்பலேறித் திரும்பினார்கள். அவர்கள் பிழைக்க வழிசெய்து 1969இல் அமைந்தது பர்மா பசார். கொண்டுவர முடிந்த பொருள் சிறிது. நாக்கில் ஒட்டியிருந்த சுவையைச் சுங்கத்தில் பிடுங்க முடியவில்லை. அந்த வண்டிக்காரர் பர்மாவைப் பார்த்ததில்லையாம். அவருடைய பாட்டி சொல்லித்தந்த பிசைவு. புளியும் பூண்டும் எலுமிச்சையும் சேர்ந்து எரிந்த அந்தத் தட்டை நின்றபடி உண்டபோது, இரங்கூனில் ஒருவர் உண்டால் இதை ஒப்புக்கொள்வாரா என்ற ஐயம் எழுந்தது. ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். அதனால் அது பொய்ச்சுவை ஆகிவிடுமா என்று அன்று எனக்கு விடை தெரியவில்லை.

இவ்வளவும் என் வயிற்றுக்காக நடந்த நடை. அறுவை மருத்துவம் முடிந்து பத்து நாள் கழிந்தபின் நடை வேறாயிற்று.

குழாய் வழியே இறங்கிய நீர்ம உணவு நிறுத்தப்பட்டு, இனி வாயால் உண்ணலாம் என்றார்கள். மருத்துவமனையில் பாலும் ரொட்டியும் சோறும் முறையாகக் கொடுத்தார்கள். அப்பா இரண்டு வாய்க்குமேல் உண்ணவில்லை. வெளியிலிருந்து குழைந்த சோறு வாங்கி வந்து கொடுத்தேன். மெல்லிய வெண்ணிறப் பொன்னி அரிசி. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது சோறா, பிச்சிப்பூவா மக்ளே? பாக்கதுக்கு நல்லாருக்கு” என்று ஒதுக்கிவைத்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அன்று இரவும் உண்ணவில்லை. அடுத்த நாளும் உண்ணவில்லை. “இறங்கமாட்டேங்கு” என்பதற்குமேல் பேச்சில்லை. மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, காரமில்லாமல் குழைவாக எதுவானாலும் சரி, அவர் விரும்பி உண்பதைக் கொடுக்குமாறும், உண்டால்தான் புண் ஆறும் என்றும் கூறினார். எடை ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டிருந்தது.

அவர் விரும்பி உண்பது எதுவென்று எனக்குத் தெரியும். நாஞ்சில் நாட்டில் சோறு என்றால் சம்பா அரிசிச் சோறு. பருத்துச் சிவந்த புழுங்கல் அரிசி. வெந்தபின்னும் ஒவ்வொரு பருக்கையும் தன் உருவத்தை விடாது. நாஞ்சில் என்ற சொல்லுக்கே கலப்பை என்பது பொருள். பழையாற்றின் நீரும், 1906இல் கட்டிமுடித்த பேச்சிப்பாறை அணையின் நீரும் பாய்ந்து, திருவிதாங்கூர் அரசுக்கே நெல் கொடுத்த மண் அது. அந்த நெல்லை எழுபது ஆண்டு உண்டு வளர்ந்த உடல், நோயுற்ற வேளையில் கேட்டது சம்பாக் கஞ்சியும் சிறுபயறுத் துவரனும் தேங்காய்த் துவையலும்தான். வீட்டில் ஆனால் அரைமணி நேர வேலை. விடுதியில் அடுப்பு மூட்ட இடமில்லை.

நாஞ்சில் நாட்டுச் சமையல் என்று பலகை வைத்த உணவகம் ஒன்று நகரின் மறுகோடியில் இருப்பதாக ஒருவர் சொன்னார். இரண்டு பேருந்து மாறிப் போனேன். வாயிலில் தென்னங்குருத்துத் தோரணம். சுவரில் வள்ளுவர் சிலையும் திற்பரப்பு அருவியும். தீயல் என்ற பெயரில் ஒன்று வந்தது. தேங்காயைக் கருகும் நிலைக்கு ஒரு கணம் முன்வரை வறுத்து, மல்லியோடு மைபோல் அரைத்து, சிற்றுள்ளியைப் புளியில் வேகவிட்டுச் செய்வது தீயல். அதன் கருஞ்சிவப்பு நிறம் வறுவலில் வருவது. அங்கே வந்த தீயலில் நிறம் இருந்தது, வறுத்த மணம் இல்லை. நாவில் இனிப்பு நின்றது. கஞ்சி உண்டா என்று கேட்டேன். முன்கூட்டியே சொன்னால் மண்சட்டியில் தருவதாகக் கூறி விலையையும் சொன்னார்கள். அது என் மூன்று நாள் செலவு. சட்டிக்குத்தான் விலை, கஞ்சிக்கன்று என்று தோன்றியது.

அன்றிரவு யானைக்கவுனிக்குத் திரும்பி நடந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று நினைவுக்கு வந்தது. நாஞ்சில் வள்ளுவனிடம் போன ஔவை, உடன் வந்த விறலியர் கொல்லையில் பறித்த கீரைக்குமேல் தூவச் சிறிது அரிசிதான் கேட்டார். அவனோ தன் பெருமையை எண்ணி யானையைக் கொடுத்துவிட்டான். இப்படியும் ஒரு கொடை உண்டா என்று ஔவை நகைத்துப் பாடுகிறார். நாஞ்சில் நாட்டின் வள்ளன்மைக்குச் சான்றாக அப்பாடலை மேடைதோறும் எங்கள் ஊரார் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அன்றிரவு எனக்கு ஔவையின் கேள்விதான் கேட்டது. அவர் கேட்ட அரிசி என்ன ஆயிற்று? கீரையோடு காத்திருந்த விறலியர் அன்று எதை உண்டார்கள்? யானைக்கவுனிவரை வந்துவிட்டேன், எனக்கு வேண்டியதும் சிறிது அரிசிதான்.

மறுநாள் காலை, அப்பாவின் நாடி பார்க்க வந்த செவிலியர், அவர் ஏதோ முனகியதைக் கேட்டு நின்றார். “மக்ளேன்னா கூப்பிட்டீங்க? ஊரு நாகர்கோவில் பக்கமா?” என்றார். அவர் மார்த்தாண்டம் பக்கத்தவர். நான் நிலைமையைச் சொன்னேன். அவர் சிரித்தார். “இத மொதல்லயே சொல்லப்பிடாதா அண்ணா? சூளையில ஒரு அக்கா சோறு போடுகா. போர்டு ஒண்ணும் இருக்காது. மாவு மில்லுக்கு அடுத்த சந்து, பச்சைக் கதவு. நாங்க பாதிப்பேரு அங்கதான். ஏழு மணிக்குள்ள போனா கஞ்சி கிட்டும்” என்றார்.

பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனிடம் இன்ன வழியே போ, இன்னாரைப் பார் என்று சொல்லி ஆற்றுப்படுத்துவது அவற்றின் அமைப்பு என்று படித்திருக்கிறோம். போகும் வழியில் எந்த ஊரில் யார் எதை உண்ணத் தருவார் என்பதும் அவற்றில் விரிவாக வரும். நெய்தல் நிலத்தில் சுட்ட மீன், மருத நிலத்தில் நண்டுக் கலவையோடு வெண்சோறு என்று சிறுபாணாற்றுப்படை நிலந்தோறும் இலை விரிக்கிறது. மாணவனாக இருந்தபோது அவ்வரிகளை வருணனை என்று கடந்து சென்றேன். சூளைக்கு வழி சொல்லிய குரலைக் கேட்ட பிறகுதான், அவை பசித்தவன் பசித்தவனுக்குச் சொன்ன மெய்யான செய்தி என்று விளங்கியது. தான் உண்ட இடத்தைத்தான் அவன் சொல்கிறான். விலைப்பலகையைப் பார்த்துச் சொல்லவில்லை.

பச்சைக் கதவு திறந்தே இருந்தது. வீட்டின் முன்னறையில் இரண்டு நீள்பலகைகள். இரவுப்பணி முடித்த செவிலியர் நால்வர், கட்டட வேலைக்குச் செல்லும் இளைஞர் இருவர், ஒரு முதியவர் என எல்லாரும் நெருங்கி அமர்ந்திருந்தார்கள். இடம் கிடைத்த இடத்தில் அமர்ந்தேன். இப்படி அமர்வது எங்கள் முன்னோர்க்கு எளிதாக வாய்த்ததன்று. திருவிதாங்கூரில் தெருவில் நடப்பதற்கும் கிணற்றில் நீர் மொள்வதற்கும் சாதி பார்த்த காலத்தில், சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் பலரையும் ஒரே கிணற்று நீரைப் பயன்படுத்தவைத்து, ஒரே பந்தியில் அமர்த்தினார். சென்னையிலும் உணவகப் பலகைகளில் சாதிப்பெயர் இருந்தது. அதை நீக்கவேண்டும் என்று பெரியார் 1957இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் முன் தொடர்மறியல் நடத்தவேண்டியிருந்தது. பலகையே இல்லாத இந்த அறையில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்த அம்மையார் அகப்பையோடு வந்தார். சிவந்த கஞ்சி. ஒருபுறம் பயறு, ஒருபுறம் துவையல், சுட்ட பப்படம் ஒன்று. இருபது ரூபாய். முதல் வாயிலேயே எனக்குத் தொண்டை அடைத்தது. அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டேன். நோயாளிக்கு வேண்டும் என்று தூக்குப் பாத்திரத்தை நீட்டியபோது, “அப்படின்னா வத்தல் வேணாம். நல்லமிளகு ரெண்டு வச்சு அரைச்சுத் தரேன், இருங்க” என்று உள்ளே போனார். மிளகை நல்லமிளகு என்று சென்னையில் யார் சொல்வார்? எங்கள் ஊர் அடுக்களையின் சொல் அது. நம்மூர்க்காரர்தான் என்று முடிவுசெய்துகொண்டேன்.

அப்பாவின் கட்டிலருகே பாத்திரத்தைத் திறந்தேன். மணம் எழுந்ததும் கண்ணைத் திறந்தார். எதுவும் கேட்கவில்லை. கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஆறு வாய், ஏழு வாய் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். பாதிக்குமேல் இறங்கியபின் நிறுத்தி, “துவையல்ல ஒரு நறுக்கு இஞ்சி கூடிப்போச்சு, கேட்டியா” என்றார். வீட்டில் அம்மாவின் சமையலை ஒருநாளும் குறை சொல்லாமல் உண்டதில்லை அவர். அந்தக் குரலைக் கேட்டுப் பதினைந்து நாள் ஆகியிருந்தது.

“அந்தம்மைக்கு எந்த ஊரு? கேட்டியா?” என்றார் பிறகு. கேட்கவில்லை. மறுநாள் கேட்டேன்.

“செஞ்சிப் பக்கங்க” என்றார் அவர்.

நான் நம்பாமல் நின்றேன். கணவருக்குச் சென்னையில் கட்டட வேலை. இவர் செவிலியர் சிலர் சேர்ந்து தங்கியிருந்த வீட்டில் சமையலுக்குப் போனாராம். “மொத மாசம் ஒருத்தரும் வயிறார சாப்பிடலைங்க. ஒரு பொண்ணு தட்டுமேலயே அழுதுடுச்சி. எனக்கு மனசு கேக்கல. என்னதான்டா சாப்பிடுவீங்க உங்க ஊர்லன்னு ஒண்ணொண்ணா கேட்டேன். அவங்க சொல்லச் சொல்ல ஆக்கினேன். இது இல்லக்கா, இன்னும் வறுக்கணும், இன்னும் அரைக்கணும்னு ரெண்டு வருசம் திட்டு வாங்கினேன்” என்று சொல்லிச் சிரித்தார். ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே அவர் வந்ததேயில்லை. நல்லமிளகு என்ற சொல்லும் அந்தப் பெண்களிடமிருந்து வந்ததுதான். சிவப்பரிசியைக் கேரளத்திலிருந்து வரும் சரக்கில் மூட்டையாக வாங்குகிறார்.

அத்தோ வண்டிக்காரரை எண்ணிக்கொண்டேன். தோரணம் கட்டிய உணவகத்தின் சமையற்காரர் ஒருவேளை எங்கள் மாவட்டத்துக்காரராகவே இருக்கலாம். அவரிடம் இன்னும் வறுக்கவேண்டும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை; அங்கே வருவோர் ஒருமுறை வந்து போகிறவர்கள். இங்கே உண்பவர்கள் நாள்தோறும் வந்து திருத்தினார்கள். அந்த அம்மையாரும் திருத்தத்துக்குக் காது கொடுத்தார்.

செஞ்சி என்று சொன்னபோது அப்பா சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்பம் இஞ்சி கூடினது அதுனாலதான்” என்றார். அதற்கடுத்த பன்னிரண்டு நாளும் தூக்குப் பாத்திரம் சூளைக்கும் மருத்துவமனைக்கும் இடையே நடந்தது. எடைக்கருவியின் முள் மெல்ல வலப்பக்கம் நகரத் தொடங்கியது.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது அப்பா ஒரு சிறு கூடையைத் தாமே சுமந்து வந்தார். உள்ளே ஒரு சீப்பு மட்டிப்பழமும் இரண்டு கிலோ சம்பா அரிசியும். மட்டி, விரல்போல் சிறுத்த பழம். எங்கள் ஊரில் குழந்தைக்கு முதலில் ஊட்டுவது. அதற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோதும் எனக்கு அந்தக் கூடைதான் கண்ணில் வந்தது. வண்டி கணவாயைக் கடக்கையில் அவர் சன்னல் பக்கம் திரும்பி, மலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சைக் கதவுக்குள் நுழைந்து பலகையில் அமர்ந்ததும் அப்பா கூடையை நீட்டினார். அந்த அம்மையார் அரிசியைக் கையில் அள்ளி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இதுதானா அது?” என்றார். அன்று கஞ்சிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அப்பா வழக்கிட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. துவையலை விரலால் தொட்டு நாவில் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தைக் காலிசெய்துவிட்டு நிமிர்ந்து, “இன்னும் ஒரு அகப்பை ஊத்தும்மா” என்றார்.